தி.நகர் ஜவுளிக்கடையில தீபாவளி சீசன் வேலை: 26 நாள் நின்னு பார்த்தவளோட ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், கடை பேரு கேக்காதீங்க, சொல்லமாட்டேன். உஸ்மான் ரோட்டுக்கும் ரங்கநாதன் தெருவுக்கும் நடுவுல மாடி மேல மாடியா கட்டின கடைங்க எத்தனையோ இருக்கு, அதுல ஒண்ணு, அவ்ளோதான். எல்லாரும் கடைக்கு ரிவ்யூ போடறீங்க, பார்க்கிங் இல்ல, லிஃப்ட் வரல, சேல்ஸ் பொண்ணு மூஞ்சிய தூக்கி வச்சிக்கிட்டிருந்தான்னு. அந்த மூஞ்சிய தூக்கி வச்சிக்கிட்டிருந்த பொண்ணு நான்தான். அதனால இது கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்னவ எழுதறது. 2024 தீபாவளி அக்டோபர் 31 வியாழக்கிழமை வந்துச்சு இல்லையா, நான் வேலைக்கு சேர்ந்தது 4-ந் தேதி வெள்ளிக்கிழமை, கணக்கு முடிச்சு வெளிய வந்தது 30-ந் தேதி ராத்திரி. நடுவுல ஒரு நாள் மழையில போகல. ஆக 26 நாள்.

பி.காம் மே மாசம் முடிஞ்சுது, ஜூன் 9 குரூப் 4 எழுதினேன், அதுக்கப்புறம் ரிசல்ட் வரும் வரும்னு வீட்ல சும்மா. அப்பா ஒண்ணும் சொல்லமாட்டாரு, ஆனா அம்மா காலைல காபி டம்ளர கீழ வைக்கிற சத்தமே நாளுக்கு நாள் பெருசாயிட்டு வந்துச்சு. அப்பதான் ஃப்ரெண்டு கூட தி.நகர் போனப்ப ஒரு கடை வாசல்ல போர்டு, சீசனுக்கு ஆட்கள் தேவை, ஆண் பெண் இருபாலரும், உணவு இலவசம். மேல போய் கேட்டேன். ஆறாவது மாடில ஒரு சின்ன ரூம்ல ரெண்டு பேரு உக்காந்திருந்தாங்க, என்ன படிச்சிருக்க, எங்கேர்ந்து வர்ற, தினமும் வந்துடுவியா, அவ்ளோதான் இன்டர்வ்யூ, மொத்தம் மூணு நிமிஷம். நாள் சம்பளம் 650, மதியம் சாப்பாடு, சாயங்காலம் டீ, விக்கிற பீஸுக்கு இன்சென்டிவ். ஆதார் ஜெராக்ஸ், ரெண்டு ஃபோட்டோ. அப்புறம் கேட்டாங்க பாருங்க, பத்தாவது மார்க் ஷீட் ஒரிஜினல் குடுத்துடும்மா, சீசன் முடிஞ்சதும் திருப்பி தந்துடுவோம்னு. எனக்கு திக்குன்னுச்சு. குரூப் 4 சர்ட்டிஃபிகேட் வெரிஃபிகேஷன் எப்ப வேணா கூப்பிடுவாங்க சார், ஒரிஜினல் தர முடியாதுன்னு அடிச்சு விட்டேன், சரி ஜெராக்ஸ் குடுன்னு விட்டுட்டாங்க. கூட சேர்ந்த ரெண்டு பொண்ணுங்க குடுத்துட்டாங்க. ஒருத்தி பத்தாம் நாளே நின்னுடலாம்னு பாத்தா, ஆனா அந்த ஒரிஜினலுக்காகவே கடைசி வரைக்கும் வந்தா. இதுக்கு மேல நான் விளக்க வேணாம்னு நினைக்கிறேன், எந்தக் கடையா இருந்தாலும் ஒரிஜினல குடுக்காதீங்க.

எங்க வீடு கூடுவாஞ்சேரி. மாம்பலத்துக்கு ஒரு மாச சீசன் டிக்கெட் எடுத்தேன், சீசன் வேலைக்கு சீசன் டிக்கெட்டான்னு தம்பி கிண்டல் பண்ணான். மாம்பலம் ஸ்டேஷன்லேர்ந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் 2023-ல ஆகாய நடைமேடை திறந்தாங்களே, அரை கிலோமீட்டருக்கு மேல போகுதே, அது மட்டும் இல்லன்னா அந்த மாசம் நான் தினமும் லேட்டுதான். கீழ ரங்கநாதன் தெருவுல ஒரு அடி எடுத்து வைக்க ஒரு நிமிஷம் ஆகும், மேல காத்து வாங்கிக்கிட்டே நடக்கலாம். தீபாவளி நெருங்க நெருங்க மேலயும் கூட்டம் வந்துடுச்சு, அது வேற கதை.

முதல் மூணு நாள் என்னை யாருக்கும் புடவை காட்ட விடல. மடிப்பு மட்டும்தான். நீங்க ஒரு புடவை வாங்க நாப்பது புடவை விரிச்சு பாத்துட்டு, அந்தப் பக்கம் பாத்துட்டு வரேம்மான்னு போவீங்க இல்ல, அந்த நாப்பதையும் யாரோ மடிக்கணும் இல்லையா. ப்ளவுஸோட சேர்த்து ஒரு புடவை ஆறு மீட்டருக்கு மேல இருக்கும். வீட்ல அம்மா புடவைய மடிச்சு குடுத்தவளுக்கு இது என்ன பெரிய வேலைன்னு நினைச்சேன். நான் மடிச்ச முதல் புடவைய எங்க கவுண்டர் சீனியர் அக்கா, தென்காசி பக்கத்துக்காரங்க, எடுத்துப் பாத்துட்டு அப்படியே உதறி திரும்ப விரிச்சு போட்டுட்டாங்க. "ஏட்டி, முந்திய உள்ள வச்சு மடிச்சிருக்கியே, வாரவ மொதல்ல முந்தியத்தான பாப்பா?" அவங்க மடிக்கிறத பாக்கணும். ஒரு ஓரத்த தாடைக்கு அடியில கவ்விப்பாங்க, ரெண்டு கையையும் அகலமா விரிச்சு பார்டரோட பார்டர் சேத்து ஒரு இழு, ஒரு தட்டு, முழங்கை அளவுக்கு மடிப்பு மேல மடிப்பா விழும், கடைசில முந்தி மட்டும் மேல வந்து பார்டர் ஒரு விரல் அளவுக்கு வெளிய எட்டிப் பாக்கும். என் கணக்குல இருபது செகண்டு கூட ஆகாது. பேசிக்கிட்டே மடிப்பாங்க, கஸ்டமரை பாத்துக்கிட்டே மடிப்பாங்க, தூக்கத்துலயும் மடிப்பாங்கன்னு ஹாஸ்டல் பொண்ணுங்க சொல்லுவாங்க. எனக்கு அது கைக்கு வர ஒன்பது நாள் ஆச்சு. ஜார்ஜெட்டும் பூனமும் வழுக்கிக்கிட்டே போகும், காட்டன் விறைச்சுக்கிட்டு நிக்கும், சாஃப்ட் சில்க்தான் சொன்ன பேச்சு கேக்கும். இந்த வேலையில நான் உருப்படியா கத்துக்கிட்டது இதுதான்.

எங்க கவுண்டர்ல நிரந்தரமா இருக்கற பொண்ணுங்க முக்கால்வாசி தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம். கடை ஹாஸ்டல்ல தங்கறவங்க. அவங்களுக்கு அது சேலை, நமக்கு புடவை, கஸ்டமருக்கு சாரி, ஒரே கவுண்டர்ல மூணு பேரும் மூணு பேர்ல கூப்பிடுவோம். எங்களை மாதிரி சீசனுக்கு வந்தவங்களை முதல்ல அவங்க கிட்ட சேக்கல, ஒரு மாசம் வந்து போறவதானன்னு. அதுலயும் நியாயம் இருக்கு. நாங்க தப்பா பில் போட்டா, தப்பான ரேக்ல அடுக்கினா, திட்டு அவங்களுக்குத்தான் விழும். மழை நாளுக்கு அடுத்த நாள் நான் வீட்லேர்ந்து ஒரு டப்பா வடகம் கொண்டு போனேன், அன்னிலேர்ந்து சாப்பாட்டுக்கு எனக்கு இடம் பிடிச்சு வச்சாங்க.

சாப்பாட பத்தி சொல்லிடறேன், நல்லா இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. மொட்டை மாடில ஷெட், பேட்ச் பேட்ச்சா அனுப்புவாங்க, சாம்பார், ரசம், மோர், ஒரு பொரியல், ஞாயித்துக்கிழமை முட்டை. என்ன, இருபது நிமிஷத்துல ரெண்டாவது மாடிலேர்ந்து மேல ஏறி, கை கழுவி, தின்னுட்டு, இறங்கி கவுண்டர்ல நிக்கணும். லிஃப்ட் கஸ்டமருக்கு மட்டும். நான் ரசத்த குடிச்சிக்கிட்டே படி இறங்கியிருக்கேன்.

பாத்ரூம் விஷயம் இதை விட மோசம். கவுண்டருக்கு ஒரே ஒரு டோக்கன், அது ஒருத்தி கையில இருந்தா இன்னொருத்தி போக முடியாது. கூட்டம் அதிகமா இருக்கற நாள்ல டோக்கன் எங்க சுத்துதுன்னே தெரியாது. அதனால எல்லாருமே தண்ணி குடிக்கறத கொறைச்சுக்கிட்டாங்க, நானும்தான். மூணாவது வாரம் எனக்கு நீர்க்கடுப்பு வந்துடுச்சு. அப்புறம் யார் என்ன சொன்னாலும் டோக்கன் இல்லாமலே போயிட்டு வந்தேன், சீசன் பொண்ணுதானே, என்ன பண்ணிடுவாங்க. ஆனா ஹாஸ்டல் பொண்ணுங்களால அப்படி போக முடியாது.

இப்ப ஸ்டூல் கதைக்கு வரேன், இதுக்காகத்தான் எழுதவே ஆரம்பிச்சேன். 2021-ல தமிழ்நாட்டுல சட்டத்த திருத்தினாங்க, ஞாபகம் இருக்கா, கடைகள்ல வேலை பாக்கறவங்களுக்கு உக்கார இருக்கை குடுத்தே ஆகணும்னு. கேரளாவுல அதுக்கு முன்னாடியே 2018-ல கொண்டு வந்துட்டாங்க. நான் குரூப் 4-க்கு நடப்பு நிகழ்வுகள் படிச்சப்ப இதெல்லாம் மனப்பாடம் பண்ணது. சரி, நம்ம கவுண்டர்ல பாப்போம்னு பாத்தா நிஜமாவே ஸ்டூல் இருந்துச்சு! மூணு பேருக்கு ஒண்ணுன்னு, சிவப்பு கலர் பிளாஸ்டிக் ஸ்டூல், கவுண்டருக்கு அடியில வரிசையா. அது மேல எல்லாம் புடவை கட்டு. ரேக்ல இடம் பத்தாம புது ஸ்டாக்க அது மேல அடுக்கி வச்சிருந்தாங்க. 26 நாள்ல ஒரு நாள் கூட அந்த கட்டு இறங்கி நான் பாக்கல. புடவைங்க சௌக்கியமா உக்காந்திருந்துச்சு, நாங்க நின்னோம். ஒரு தடவை மதியம் கூட்டமே இல்லாத நேரத்துல ஒரு கட்ட கீழ இறக்கி வச்சிட்டு உக்காந்தேன், ரெண்டு நிமிஷம் இருக்கும், சூப்பர்வைசர் வந்து எதுவும் திட்டல, "கேமராவுல மேனேஜர் பாக்கறாரும்மா" அப்படின்னு மட்டும் மெதுவா சொல்லிட்டு போனாரு. அவரும் நின்னுக்கிட்டுதான் இருந்தாரு, பாவம்.

செருப்பு போட்டுக்கிட்டு நிக்கக் கூடாது, டைல்ஸ் மேல வெறுங்கால். ஏசி வேற. முதல் வாரம் ராத்திரி ட்ரெயின்ல உக்காந்ததும் குதிகால்லேர்ந்து முழங்கால் வரைக்கும் யாரோ முறுக்கி பிழியற மாதிரி இருக்கும். தென்காசி அக்கா அவங்க கால காட்டினாங்க, முழங்காலுக்கு பின்னாடி நரம்பு சுருட்டிக்கிட்டு பச்சையா புடைச்சிட்டு இருந்துச்சு, பதினோரு வருஷமா நிக்கறாங்களாம். "ரெண்டு சாக்ஸ் ஒண்ணு மேல ஒண்ணு போடுட்டி, அங்கயும் இங்கயும் நடந்துக்கிட்டே இரு, ஒரே எடத்துல நிக்காத"ன்னு சொல்லிக் குடுத்தாங்க. சாக்ஸ் ஐடியா நல்லா வேலை செஞ்சுது.

கஸ்டமருங்கள பத்தி தனியா ஒரு புராணமே எழுதலாம், ஆனா ஒருத்தர மட்டும் சொல்றேன். அரக்கோணத்துலேர்ந்து ஒரு அம்மா, கூட அவங்க வீட்டுக்காரர், அவரு பாவம் பைய புடிச்சிக்கிட்டு தூண்ல சாஞ்சு நிக்கறாரு. நாலு நாத்தனாருக்கு புடவை எடுக்கணும். நாலும் ஒரே விலை இருக்கணும், ஒரே டிசைனா இருக்கணும், ஆனா கலர் வேற வேற இருக்கணும், அதுலயும் ஒரு கலர் இன்னொரு கலர விட எடுப்பா தெரிஞ்சுடக்கூடாது. இது புடவை எடுக்கறதா பாகப்பிரிவினையா! முக்கால் மணி நேரம். 895 ரூபாய்ல ஒரு டிசைன் பிடிச்சுப் போச்சு, மூணு கலர்தான் இருக்கு. நாலாவதுக்கு நான் குடோனுக்கு ஆள் அனுப்பி, அடுத்த மாடிலேர்ந்து ஒண்ணு எடுத்துட்டு வந்து, அது லைட் ரோஸ். அந்தம்மா நாலையும் வரிசையா போட்டு தூரமா நின்னு பாத்துட்டு, "இந்த ரோஸு பெரியவளுக்கு குடுத்தா வயசுக்கு மரியாதை இல்லம்பா, சின்னவளுக்கு குடுத்தா அவளுக்கு மட்டும் நல்லதா எடுத்தேன்பாங்க" அப்படின்னு நிஜமாவே கவலைப்பட்டாங்க. கடைசில வீட்டுக்காரர் தூண்லேர்ந்தே, "ரோஸ நீ கட்டிக்கோ, பெரியவளுக்கு நூறு ரூவா கூட போட்டு வேற எடு"ன்னாரு. முடிஞ்சுது! அன்னிக்கு எனக்கு அதுதான் போணி, காலைல பத்தே முக்காலுக்கு. போகும்போது அந்தம்மா என் கைய புடிச்சி உனக்கு கல்யாணம் ஆயிடுச்சாம்மான்னு கேட்டாங்க, இல்லன்னேன், நாத்தனார் இல்லாத வீடா பாருன்னு சொல்லிட்டு போனாங்க.

எனக்கு மனசு ஒப்பாத விஷயம் ஒண்ணு இருந்துச்சு. 1,450 ரூபாய்க்கு சாஃப்ட் சில்க்குன்னு ஒரு ரேக். வர்ற அம்மாங்க எல்லாம் கேக்கற முதல் கேள்வி, ப்யூர் சில்க்காம்மா? எங்களுக்கு சொல்லிக் குடுத்தது என்னன்னா, ப்யூருன்னும் சொல்லாத, இல்லன்னும் சொல்லாத, "சாஃப்ட் சில்க் மேடம், நல்லா மூவ் ஆகுது" அப்படின்னு மட்டும் சொல்லு. அதுல பாதிக்கு மேல சேலம் பக்கத்துல எளம்பிள்ளைலேர்ந்து வர்ற சரக்கு. எளம்பிள்ளை புடவை மட்டம்னு சொல்ல வரல, அந்த விலைக்கு அருமையான புடவை, எங்க அம்மாவுக்கே அதுதான் எடுத்தேன், ஆனா அது பட்டு இல்ல. 1,450-க்கு ஆறு மீட்டர் சுத்தப் பட்டு எங்கயும் வராதுங்க, நூல் விலைக்கே கட்டாது. பட்டுன்னா சில்க் மார்க் லேபிள் இருக்கான்னு பாருங்க, மத்திய பட்டு வாரியத்தோட சேர்ந்தது அது. நூல் ஒண்ண உருவி கொளுத்தினா முடி கருகற வாசனை வரும், சாம்பல் கையில தேய்ச்சா பொடியாயிடும், பாலியெஸ்டர்னா உருகி கட்டியா நிக்கும். கடைக்குள்ள தீப்பெட்டி எடுத்தா செக்யூரிட்டி அண்ணன் தூக்கிட்டு போயிடுவாரு, அதனால வீட்ல போய் பாருங்க, பில்ல மட்டும் பத்திரமா வச்சிக்கோங்க. நான் நேரா முகத்த பாத்து கேட்டவங்க கிட்ட இல்லக்கா இது செமிதான்னு சொல்லிட்டேன். பெரும்பாலும் அதையே வாங்கிட்டுதான் போனாங்க, அப்புறம் எதுக்கு மறைக்கணும்னு எனக்கு புரியவே இல்ல. இன்னொண்ணு நிறைய பேர் பில்ல பாத்துட்டு சண்டைக்கு வருவாங்க, புடவைக்கு அஞ்சு பர்சென்ட் ஜிஎஸ்டி, சுடிதாருக்கு மட்டும் ஏன் பன்னெண்டுன்னு. அப்ப, 2024-ல, 1,000 ரூபாய்க்கு மேல போற ரெடிமேடுக்கு 12, துணியா வர்ற புடவைக்கு 5, அதான் விஷயம். ரெடிமேட்ல எல்லாம் 995, 999-னு விலை போட்டிருந்தது ஏன்னு இப்ப புரியுதா.

அக்டோபர் 16 சென்னைக்கும் செங்கல்பட்டுக்கும் ரெட் அலர்ட், முந்தின நாளே வேளச்சேரி மேம்பாலத்துல காரை எல்லாம் கொண்டு போய் நிறுத்தினாங்களே, அந்த மழை. ஸ்கூல் காலேஜ் லீவு, ஐடி கம்பெனிக்கெல்லாம் வீட்லேர்ந்து வேலை. எங்களுக்கு காலைல ஏழு மணிக்கு வாட்ஸ்அப்ல, கடை வழக்கம் போல திறந்திருக்கும், வராதவங்களுக்கு சம்பளம் கிடையாது. அப்பா வேணாம்னுட்டாரு. போகல, 650 போச்சு. போன பொண்ணுங்க சொன்னாங்க, நாள் முழுக்க பன்னெண்டு கஸ்டமர்தானாம், ஸ்டாக் எண்ண விட்டாங்களாம்.

கடைசி பத்து நாள் எனக்கு தேதி வாரியா ஞாபகம் இல்ல, எல்லாம் ஒரே கூட்டமா கலங்கி நிக்குது. காலைல ஒன்பதுக்கு பஞ்ச், ராத்திரி பதினொண்ணுக்கு பஞ்ச். 27-ந் தேதி ஞாயித்துக்கிழமை மட்டும் ஞாபகம் இருக்கு, தீபாவளிக்கு முந்தின கடைசி ஞாயிறு, அன்னிக்குதான் விக்கிரவாண்டில விஜய் மாநாடு. சரி பசங்க கூட்டம் கொஞ்சம் கொறையும்னு நினைச்சோம், ஒரு இன்ச் கூட கொறையல. எஸ்கலேட்டர நிறுத்திட்டாங்க, போலீஸ் மைக்ல பர்ஸு, நகை பத்திரம்னு கத்திக்கிட்டே இருக்கறது ரெண்டாவது மாடி வரைக்கும் கேக்குது. மென்ஸ் ஃப்ளோர் தம்பிங்க மாநாடு என்ன ஆச்சு என்ன ஆச்சுன்னு வர்ற கஸ்டமர் கிட்டயே கேட்டு தெரிஞ்சிக்கிட்டிருந்தாங்க, ஏன்னா எங்க ஃபோன் எல்லாம் காலைலயே லாக்கர்ல வாங்கி வச்சிடுவாங்க.

அந்த லாக்கராலதான் அடுத்த நாள் எனக்கு ஒரு கூத்து. 28-ந் தேதி குரூப் 4 ரிசல்ட் வந்துடுச்சு. ஊருக்கே தெரியும், எனக்கு தெரியாது. மத்தியானம் ஒரு கஸ்டமர் அக்கா அவங்க தங்கச்சி கிட்ட ஃபோன்ல பேசறாங்க, ரேங்க் எவ்ளோடி, கம்யூனிட்டி ரேங்க் சொல்லுன்னு. எனக்கு கையில புடவை, வயித்துல புளி. சூப்பர்வைசர் கிட்ட அஞ்சு நிமிஷம் ஃபோன் குடுங்கண்ணா, என் ரிசல்ட்டு வந்திருக்குன்னு கேட்டேன், சாவி மேனேஜர் கிட்ட, மேனேஜர் கேஷ் கவுண்டர்ல, கேஷ் கவுண்டர் கூட்டத்துக்கு நடுவுல. ராத்திரி பதினொண்ணு இருபதுக்கு மாம்பலம் பிளாட்ஃபார்ம்ல நின்னுக்கிட்டு ரெஜிஸ்டர் நம்பர் போட்டேன். கூப்பிடற அளவுக்கு ரேங்க் இல்ல. லேடீஸ் கோச்சுல உக்காந்தேன், காலு வலிக்கவே இல்ல அன்னிக்கு, அது கூட தெரியல.

அடுத்து துட்டு கணக்கு, நீங்க எல்லாம் இதுக்குத்தானே படிக்கறீங்க. 26 நாள், 650 வீதம் 16,900. கடைசி பத்து நாள் ராத்திரி நின்னதுக்கு பேட்டா நாளைக்கு 100, ஆக 1,000. இன்சென்டிவ் 1,140, இது எப்படி கணக்கு போட்டாங்கன்னு கேட்டா சிஸ்டத்துல வந்ததும்மான்னாங்க. கழிச்சது: பத்து நிமிஷம் லேட்டுக்கு அரை நாள் கட், அது ரெண்டு தடவை, 650. யூனிஃபார்ம் புடவைக்கு 500, நான் துவைச்சு திருப்பிக் குடுத்தும் கழிச்சுட்டாங்க, உபயோகப்படுத்தினதாம். அப்புறம் ஒரு 1,450 ரூபா பீஸ் கணக்குல இடிச்சுது, ஒருவேளை கூட்டத்துல யாராவது தூக்கிட்டு போயிருக்கலாம், பில் மாறியிருக்கலாம், அத கவுண்டர்ல இருந்த அஞ்சு பேர் தலையிலயும் போட்டு ஆளுக்கு 290. கேமரா இருக்கே பாருங்களேன்னு சொன்னோம். நான் ஸ்டூல்ல உக்காந்த ரெண்டு நிமிஷம் மட்டும் தெளிவா தெரியற கேமராவுல, புடவை போனது தெரியல போல. கைக்கு வந்தது 17,600.

ட்ரெயின்ல வந்துக்கிட்டே மணிக்கணக்கு போட்டேன், பி.காம் படிச்சதுக்கு அதுதான் பலன். முதல் 16 நாள் பன்னெண்டு மணி நேரம், கடைசி 10 நாள் பதினாலு, மொத்தம் 332 மணி நேரம். 17,600-அ வகுத்தா மணிக்கு 53 ரூபா. நம்ம 1947 கடைகள் சட்டப்படி ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை, ஓவர்டைமோட சேத்தாலும் பத்த தாண்டக்கூடாது, ஓவர்டைமுக்கு ரெட்டிப்பு கூலி, வாரத்துக்கு ஒரு நாள் லீவு. லீவா, ஹா. சாப்பாடு, டீ நேரம்னு நாளைக்கு ஒரு மணி நேரத்த நானே பெரிய மனசு பண்ணி கழிச்சாக்கூட 98 மணி நேரம் ஓவர்டைம் வருது, ரெட்டிப்புன்னா 15,925 ரூபா. அதுக்கு பதிலாத்தான் அந்த 1,000 ரூபா பேட்டா. 650 சம்பளம்ங்கறது கேக்க நல்லாத்தான் இருக்கும், எட்டு மணி நேரத்துக்கா பதினாலு மணி நேரத்துக்கான்னு கேட்டாத்தான் அது நல்ல சம்பளமா கெட்ட சம்பளமான்னு தெரியும், அத போர்டுல எழுத மாட்டாங்க, நீங்கதான் ஆறாவது மாடில அந்த மூணு நிமிஷத்துல கேக்கணும், நான் கேக்கல.

அப்ப போகவே கூடாதான்னா, அப்படி சொல்லமாட்டேன். எனக்கு புதுசா ஆள் கிட்ட பேசவே வாய் வராது, இப்ப யார் வந்தாலும் வாங்கக்கா, உள்ள வந்து பாருங்கன்னு தானா வருது, வீட்டுக்கு கேஸ் போடற அண்ணன் கிட்டயே அப்படி சொல்லிட்டேன். துணிய தொட்டுப் பாத்தே இது என்னன்னு முக்கால்வாசி சொல்லிடுவேன். 17,600-ல அம்மாவுக்கு ஒரு புடவை, ஸ்டாஃப் டிஸ்கவுன்ட் பத்து பர்சென்ட்டோட, தம்பிக்கு ஷூ, மீதி அடுத்த கோச்சிங் ஃபீஸுக்கு வச்சிருக்கேன். தீபாவளி அன்னிக்கு மட்டும் நான் எண்ணெய் தேச்சு குளிச்சிட்டு படுத்தவ மறுநாள்தான் எந்திரிச்சேன், புதுத்துணி கட்டவே இல்ல. அஞ்சுக்கு எவ்ளோன்னு கேட்டா சாப்பாட்டுக்கு நாலு, கூட வேலை பாத்த பொண்ணுங்களுக்கு அஞ்சு, சம்பளத்துக்கு ரெண்டு, ஸ்டூலுக்கு முட்டை.

பக்கத்துல வீடு, ராத்திரி வேலை முடிஞ்சு சீக்கிரம் போயிடலாம்னா போங்க. ஹாஸ்டல்ல தங்கித்தான் ஆகணும்னா அந்த ரூம்ம முதல்ல போய் பாத்துட்டு சேருங்க, ஒரு ரூம்ல எத்தனை பேருன்னு எண்ணுங்க. காலுக்கு சாக்ஸ் ரெண்டு ஜோடி, சின்ன தைல பாட்டில், பைக்குள்ள ஒரு பிஸ்கட் பாக்கெட். பஞ்ச் வச்ச நேரத்த தினமும் ஒரு நோட்டுல எழுதி வைங்க, நான் ட்ரெயின் டிக்கெட் பின்னாடி எழுதினேன், அந்த கணக்குதான் மேல போட்டது.

போன வாரம் சூப்பர்வைசர் அண்ணன் ஃபோன் பண்ணாரு. பொங்கலுக்கு ஒரு பத்து நாள் வர்றியாம்மா, உனக்குத்தான் கவுண்டர் தெரியும், மடிப்பும் நல்லா வருதேன்னாரு. மடிப்பு நல்லா வருதுன்னு அவர் சொன்னது எனக்கு நிஜமாவே சந்தோஷமா இருந்துச்சு. அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, போனஸ் சட்டத்துல ஒரு வருஷத்துல குறைஞ்சது 30 நாள் வேலை பாத்திருந்தா போனஸ் உண்டு, குறைஞ்சபட்சம் 8.33 சதவீதம். ஏப்ரல்லேர்ந்து மார்ச் வரைக்கும்தான் கணக்கு வருஷம்னா தீபாவளியும் பொங்கலும் ஒரே வருஷத்துலதான் வருது. நான் பாத்தது 26, இன்னும் நாலு நாள்தான் பாக்கி. வரேண்ணா, ஆனா எத்தனை மணி வரைக்கும், ஓவர்டைம் எவ்ளோ, தீபாவளி நாளோட சேத்து போனஸ் வருமா, இது மூணையும் ஒரு பேப்பர்ல எழுதிக் குடுக்க சொல்லுங்கன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. இதெல்லாம் இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையேம்மா, மேல கேட்டுட்டு சொல்றேன்னு வச்சிட்டாரு. இன்னும் கூப்பிடல. சாக்ஸ் துவைச்சு வச்சிருக்கேன்.